மணிக்கட்டைக் காட்டு

“பாத்துக்கோ. இன்னும் பிரிக்கல. பாத்தாச்சா? இப்பப் பிரிக்கிறேன்.”

ஊசிப் பொட்டலத்தைப் படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு அக்கா இதைச் சொல்கிறார். படுத்திருப்பவர் தலையை ஆட்டும்வரை பிரிக்க மாட்டார். பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் திறக்கும்வரை காத்திருப்பார். வரிசை வாசல்வரை நீண்டிருந்தாலும் சரி. பிறகு ஒரே இழுப்பு. உறை கிழியும் சத்தம் அறையில் எல்லோருக்கும் கேட்கும். வேலை முடிந்ததும் ஊசி தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் விழுகிற சத்தமும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெட்டியை எடுத்து ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார்.

இரத்த வங்கியில் அக்காவுக்கு இது இருபத்திரண்டாவது வருடம். நாளொன்றுக்கு முப்பது கைகளாவது பார்க்கிறார். தன் கைகளில் வளையல் இல்லை, மோதிரம் இல்லை. கடிகாரத்தைச் சட்டைப்பையின் மேல் தலைகீழாகக் குத்தியிருப்பார். குனிந்து பார்த்தால் அவருக்கு நேராகத் தெரியும். பேருந்து ஓட்டுநரான அவருடைய கணவர் சொல்வது இது: “ஒரு விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியல சார். மாப்பிள்ளை கையப் புடிச்சு வாழ்த்துறாளா, நரம்பு தேடுறாளான்னே தெரியாது.”

இன்னொரு வழக்கமும் உண்டு. பொட்டலம் கை நழுவிக் கீழே விழுந்தால், உறை கிழியாமல் இருந்தாலும், அதைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவார். கூட வேலை பார்க்கும் அட்டெண்டருக்கு இது பொறுக்காது.

“சீல் போட்டதுதானேக்கா. தரைக்கு வலிச்சிருக்குமா?”

“தரைக்கு வலிக்காது. எனக்கு வலிக்கும். நீ தொட்டிய மூடு.”

இருப்பு குறைகிறது என்று டாக்டரம்மா இரண்டு முறை கண்டித்தும் பார்த்துவிட்டார். பயனில்லை.

அவருக்கு ‘மணிக்கட்டு அக்கா’ என்ற பெயர் வந்தது சென்ற ஆண்டுதான். தொழிற்கல்லூரி ஒன்றில் இரத்ததான முகாம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், கால்பந்து ஆடுகிறவன், உற்சாகமாக வந்து படுத்தான். அக்கா எல்லாக் கேள்விகளையும் கேட்டார். காய்ச்சல் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாயா, ஒரு வருடத்துக்குள் டாட்டூ குத்தினாயா, காதோ மூக்கோ குத்தினாயா? “இல்லக்கா, இல்லக்கா” என்று வரிசையாகச் சொன்னான். இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். இடது மணிக்கட்டில் அகலமான தோல்பட்டைக் கடிகாரம். அதைக் கழற்றச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் சோதனை முடிவு வந்தது. கல்லீரலைத் தின்னும் சி வகைக் கிருமி அந்த இரத்தத்தில் இருந்தது. இரத்தப் பை யாருக்கும் போகவில்லை, அன்றே அழிக்கப்பட்டது. பையனைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னபோது, அவன் கடிகாரத்தைக் கழற்றினான். பட்டைக்கு அடியில் சின்னதாக ஒரு மின்னல், நீல மையில்.

“எத்தனை வாரம் ஆச்சு?” என்றார் அக்கா.

“பதினொண்ணு.”

“ஆறாவது வாரத்துல வந்து படுத்திருந்தா கிருமி சோதனையில தெரிஞ்சிருக்காது, எங்க மெஷினே ஏமாந்திருக்கும்டா. அந்தப் பை ஒரு குழந்தைக்குப் போயிருக்கும்.”

டாக்டரம்மா அக்காவின் கையை அழுத்தி நிறுத்தினார். மாத்திரை இருக்கிறது, மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று பையனிடம் சொன்னார். அவன் போன பிறகு அக்கா அந்தப் “பெரும்பாலும்” என்ற சொல்லை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். அன்று மாலை, கழற்றச் சொல்லாத கடிகாரத்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டு பாத்திரம் கழுவியதில் ஒரு தட்டு உடைந்தது. மறுநாளிலிருந்து யார் வந்து படுத்தாலும் முதல் பேச்சு இதுதான்: “கடிகாரம், கயிறு, பட்டை, எல்லாத்தையும் கழட்டு. மணிக்கட்டைக் காட்டு.”

பையனிடமிருந்து மெல்ல மெல்ல விவரம் வந்தது. அணி ஒரு போட்டியில் ஜெயித்திருக்கிறது. ஆடியவர்கள் பதினொரு பேர், அவர்களுடைய நண்பர்கள் ஐந்து பேர், மைதானத்தின் ஓரத்தில் உடை மாற்றும் அறையில் ஒரே மதியத்தில் மணிக்கட்டில் மின்னல் குத்திக்கொண்டார்கள். அதில் நான்கு பெண்கள் காது மடலின் மேல்பக்கத்தையும் துளைத்துக்கொண்டார்கள். குத்தியவன் முதலில் தன் தொடையில் குத்திப் பார்த்துக்கொண்டான். ஆக மொத்தம் பதினேழு உடம்பு. ஊசிகள் மூன்று.

“மூணுதானா?”

“அப்பப்ப மாத்தினான்க்கா. லைட்டர்ல காட்டினான். ஸ்பிரிட் போட்டுத் தொடச்சான்.”

“மை?”

பையனுக்குப் புரியவில்லை.

“மைடா, மை. எதுலேந்து தொட்டான்?”

“ஒரு பாட்டில் மூடியிலேந்து.”

“எல்லாருக்கும் அதே மூடியா?”

பையன் மெல்லத் தலையாட்டினான். அக்கா எழுந்து சன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்தபோது குரல் உயர்ந்திருந்தது. “கறிக்கடைக்காரன்கூட அடுத்த வெட்டுக்குக் கத்தியக் கழுவுறான். ஊசிய மாத்தி என்ன, பழைய மையிலயே தொட்டுத் தொட்டுக் குத்தியிருக்கான். ஒருத்தன் ரத்தத்தை எடுத்து இன்னொருத்தன் தோலுக்குள்ள வெச்சுத் தெச்சிருக்கான். அவன் யாருடா?”

“ஃப்ரெண்டுக்கா. சொல்ல மாட்டேன்.”

“நல்ல ஃப்ரெண்டு. எல்லாருக்கும் பரிசு குடுத்திருக்கான்.”

குத்தியவனைத்தான் அவன் காட்டிக்கொடுக்கவில்லை. மற்றவர்களை இரண்டிரண்டு பேராக அழைத்து வந்தான். வராதவர்களைத் தேடி அக்கா தன் விடுமுறை நாளில் மைதானத்து வாசலில் நின்றார், தொடர்ந்து மூன்று வாரம். பயிற்சி முடிந்து வருகிறவர்களின் மணிக்கட்டைப் பார்த்தார். மின்னல் தெரிந்தால் தனியே கூப்பிட்டு, யார் பெயரையும் சொல்லாமல், “ஒரு சோதனை இருக்கு, வந்துட்டுப் போ” என்றார். பையன்கள் சிரித்தார்கள். “டேய், மணிக்கட்டு அக்கா வருது, கைய உள்ள விடு” என்று ஒருவன் கத்தியது அவர் காதிலும் விழுந்தது. கத்தியவனையே முதலில் பிடித்தார்.

நாற்பத்தொரு நாளில் பதினாறு பேரும் இரத்தம் கொடுத்துவிட்டார்கள். முதலாமவனையும் சேர்த்து மூன்று பேருக்குக் கிருமி இருந்தது. அந்த மூவரில் ஒருத்தி, வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டு அக்காவின் மேசைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு பெண்ணுக்குக் கிருமி இல்லை, காது போயிருந்தது. துளைத்த நான்காம் நாள் மடல் சிவந்து வீங்கியிருக்கிறது. அம்மா பார்த்துவிடக் கூடாது என்று பன்னிரண்டு நாள் கூந்தலை இறக்கிவிட்டு மறைத்திருக்கிறாள். அங்கே இருப்பது குருத்தெலும்பு. சீழ் பிடித்தால் கரைந்துவிடும். அறுவைச் சிகிச்சையில் செத்த பகுதியை எடுத்தார்கள். இப்போது அந்தக் காது நனைந்து காய்ந்த அட்டைபோல் முன்பக்கம் மடங்கிக் கிடக்கிறது. குத்தியவன் யார் என்று சொன்னவள் அவள்தான்.

“என் காது போச்சு. அவன் மட்டும் ஏன்க்கா நல்லா இருக்கணும்? மோட்டாரு. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருக்கான். இப்பவும் குத்துறான்க்கா.”

அந்தக் கடைசி வாக்கியம் அக்காவைத் தூங்கவிடவில்லை. டாக்டரம்மா சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பத்து நாளாகியும் யாரும் வரவில்லை. “கடிதம் நடந்து போகுது போல” என்றார் அக்கா. அதுவரை அந்தக் கையை நிறுத்த ஆள் இல்லை. அது எத்தனை பேரைத் தொட்டிருக்கிறது என்பதும் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவன் கடை ஆறடி அகலம். கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த திரைகள், கழற்றிய பேட்டரிகள். பின்பக்கம் ஒரு நீலத் திரைச்சீலை. மோட்டாருக்கு இருபத்தொரு வயது, பணிவான பையன். அக்கா சோதனைக்குக் கூப்பிடப் போன முதல் முறை, “நாளைக்குக் கண்டிப்பா வரேன்க்கா” என்றான். இரண்டாம் முறை, “எனக்கு என்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்” என்றான். மூன்றாம் முறை கடை முன்பக்கத்தில் ஆளில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ர்ர்ர் என்று சத்தம் வந்தது.

அக்கா திரையை விலக்கினார். பொம்மைக் காரிலிருந்து எடுத்த மோட்டார், பேனாக் குழாய், செல்போன் சார்ஜர், எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் சுற்றிய கருவி அவன் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எழுந்திருந்த ஓர் இளைஞன் தோளில் டிஷ்யூ காகிதத்தை அழுத்திக்கொண்டு நின்றான். நாற்காலியில் ஒரு பெண், மடியில் பள்ளிப்பை. பதினாறு வயதுக்கு மேல் இராது. மணிக்கட்டில் பேனாவால் ஒரு பட்டாம்பூச்சி வரைந்திருந்தது. ஊசி இன்னும் படவில்லை.

அக்கா சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

“ஊசி மாத்துனியா?”

“புதுசுக்கா. இப்பதான் போட்டேன்.”

“மை?”

மோட்டார் மேசையைப் பார்த்தான். பாட்டில் மூடியில் பாதி மை இருந்தது.

“இந்தத் தம்பிக்குத் தொட்ட மிச்சம்தானே இது?”

“கொஞ்சம்தான்க்கா. கொட்டுறதுக்கு மனசு வரல.”

அக்கா மூடியை எடுத்தார். சிந்தாமல் அவன் உதட்டுக்கு நேரே பிடித்தார்.

“இதுல ஒண்ணும் இல்லல்ல? குடி.”

“என்னக்கா நீங்க…”

“குடிடா. அவ தோலுக்குள்ள போகலாம், உன் வாய்க்குள்ள போகக் கூடாதா? பதினாறு பேருக்கு ஊத்துனியே. ஒரு வாய் குடி.”

மோட்டார் வாயை இறுக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். நாற்காலியிலிருந்த பெண் மூடியைப் பார்த்தாள். மூடியிருந்த அவன் வாயைப் பார்த்தாள். பையை எடுத்து மாட்டிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் தெருவில் இறங்கினாள். தோளைப் பிடித்துக்கொண்டிருந்த இளைஞனின் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் அக்கா எழுதிக்கொண்டார். பட்டியல் பதினெட்டானது. கண்ணாடிப் பெட்டியின் மேல் கிடந்த கத்தரியை எடுத்துக் கருவியின் ஒயரை மூன்று இடத்தில் வெட்டினார். கருவியிலிருந்த நீல மை அவர் கை முழுக்க ஒட்டிக்கொண்டது.

“மூணு பேருடா. ஒருத்தி அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு என் முன்னாடி உக்காந்து அழுதா. இன்னொருத்தி பாதிக் காதோட திரியுறா. நீ கல்லு மாதிரி இருக்க. நாளைக்குக் காலையில வர்ற. வரும்போது நீ குத்துன அத்தனை பேர் பேரையும் எழுதிக் கொண்டு வர்ற.”

மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு வந்தான். கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்றை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தான். அக்கா பிரித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் பெயர்கள். எண்ணிக்கொண்டே போனவர் முப்பத்தொன்றில் நிறுத்தினார். இன்னும் பாதிப் பக்கம் இருந்தது. தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அட்டெண்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேலை இருப்பதுபோல் வெளியே போனான்.

“படு. சட்டைக் கைய மடி.”

படுத்தான். கயிற்றை இறுக்கியதும் நரம்பு உடனே எழுந்தது. அக்கா பொட்டலத்தை எடுத்து அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

“பாத்துக்கோ. இன்னும் பிரிக்கல.”

“அதெல்லாம் வேணாம்க்கா. உங்கள நம்புறேன்.”

“நம்புனவங்க பேரத்தான்டா ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் கொண்டாந்திருக்க!”

அடுத்த அறையிலிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். அக்கா கோபத்தோடு சட்டெனத் திரும்பினார். பொட்டலம் நழுவித் தரையில் விழுந்தது. மோட்டார் படுத்தபடியே கையை நீட்டி அதை எடுத்தான். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து அவரிடம் நீட்டினான்.

“சீல் பிரியலக்கா. பரவால்ல, இதையே போடுங்க.”

அக்கா அதை வாங்கிக் கழிவுத் தொட்டியில் போட்டார். அலமாரியைத் திறந்து வேறொன்றை எடுத்தார். திரும்பி வந்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். அதற்குள் அவன் ஊசிப் பயத்தில் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். வாசலில் வரிசை நீண்டிருந்தது.

அக்கா காத்திருந்தார்.