அத்தையின் உபவாசமும் ரயில் பாலமும்

எங்கள் குடும்பத்தில் உபவாசம் என்றால் அத்தைதான். அப்பாவின் தங்கை, இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் விளங்காமல் போனவள். மற்றவர்கள் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் மட்டும் முக்கி முனகிக்கொண்டு பட்டினி கிடப்பார்கள். அத்தையோ எல்லா ஞாயிறும் ஆராதனை முடிந்து வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டாள். போதகர் இதைப் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார். எங்களுக்குப் பெருமை தாங்காது.

குழித்துறைப் பக்கம், தண்டவாளத்துக்கு இந்தப்புறம் எங்கள் வீடு, அந்தப்புறம் சர்ச். நடுவில் இருந்தது படிக்கட்டுப் பாலம். அப்பாவும் மாமாவும் அத்தையை நாற்காலியோடு தூக்கி ஏறுவார்கள். நான் வேதப்புத்தகத்தோடு பின்னால் போவேன். ஆராதனை முழுக்க அப்பாவின் தோளில் தைலம் மணக்கும்.

சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகிற மாதிரி சரிவுப் பாதையோடு பாலம் வேண்டும் என்று ஊரே திரண்டு கேட்டது. கேட்கப் போன இடமெல்லாம் அத்தையையும் தூக்கிக்கொண்டு போய் முன்னால் இருத்தினார்கள். ஒருவழியாகப் பாலம் வந்தது. திறந்துவிட்ட ஞாயிறன்று சர்ச் வாசலில் போதகர் மாலையோடு நின்றார்.

அப்பா நாற்காலியைத் தள்ளப் போனார்.

"நீ விடு அண்ணா. நான் ஒத்தைக்குப் போவேன்."

மூச்சு வாங்க, சக்கரத்தைக் கையால் உருட்டியே அத்தை ஏறினாள், இறங்கினாள். கூட்டம் கைதட்டியது. அவள் போதகரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாசலைத் தாண்டி அடுத்திருந்த சாயாக்கடையில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு சாயா போடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆராதனை மணி அடித்துக்கொண்டிருக்கிறது, அத்தை ஊர் பார்க்க ஊதி ஊதிக் குடிக்கிறாள்! அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். போதகர் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். அத்தைக்குப் பிசாசு பிடித்துவிட்டது என்றே நான் முடிவு கட்டினேன்.

அப்பா ஓடினார். "ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா? இண்ணைக்கு உபவாசம் இல்லியா?"

"உபவாசம்னு நான் எப்பமாவது சொன்னேனா? நீங்கதான் சொன்னிய." அத்தை இரண்டாவது சாயாவுக்குக் கை நீட்டினாள். "இனி நடுவில வீட்டுக்குப் போணும்னா நான் ஆரையும் விளிக்க வேண்டாம், கேட்டியா அண்ணா?"

திட்ட வாயெடுத்த அப்பா, கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் சர்ச்சுக்குள் வரவேயில்லை.

எனக்கு அடுத்த அதிர்ச்சி பிரசங்கத்தின் பாதியில். அத்தை நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். பாலமேறி வீட்டுக்குப் போய், ஆசீர்வாத ஜெபத்துக்குள் திரும்பியும் வந்துவிட்டாள். முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லை.

சர்ச்சின் கழிப்பறை உயரமான படிகளுக்கு மேல் இருந்தது. ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று இரண்டு ஆண்பிள்ளைகளிடம் சொல்லித் தன்னைத் தூக்கச் சொல்ல முடியாமல்தான் ஒரு பெண் இத்தனை வருடம் தொண்டை காயக் கிடந்தாள். அப்பாவுக்கு அது பெஞ்சிலேயே புரிந்திருக்கிறது. சின்னப் பிள்ளையான எனக்கு அப்போது புரியவில்லை. அத்தைக்குப் பழையபடி உபவாசத்தைத் தாரும் ஆண்டவரே என்று, அன்றைக்கு முழங்காலில் நின்று அழுது ஜெபித்தேன்.