சோற்றுப்பெட்டியின் சிவப்பு விளக்கு

சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர் செருகிக்கொண்டு பாடம் நடத்தும் வரலாற்று ஆசிரியன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன மழைக்காலத்தில் கிணற்றடி மோட்டார் சுவிட்சை ஈரக்கையோடு தொட்ட என் மகளைக் கரண்ட் தூக்கி எறிந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தென்னை மூட்டில் கிடந்தாள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்துவிட்டு, பயப்பட எதுவும் இல்லை என்றார்கள். சாயங்காலமே வீட்டுக்கு வந்து மீன்குழம்பு கேட்டாள். அவளுக்கு அது அன்றோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. மிக்ஸியோ இஸ்திரிப்பெட்டியோ, நான் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் வீட்டில் யாரும் தொடக்கூடாது. கதவு காற்றில் அடித்தால்கூட நெஞ்சு ஒரு தடவை குதித்து அடங்கும்.

அந்த வீட்டில் உட்கார்ந்துதான் அவள் கிட்டார் பெடல் செய்தாள். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் கிடக்கும் ஒரு சின்னப் பெட்டி அது. காலால் அதன் பித்தானை அமுக்கினால் கிட்டாரின் குரல் தடித்துப் பெருகும். மறுபடி அமுக்கினால் பழைய குரல் வந்துவிடும். கடையில் விற்கிறது. ஆனால் அவளுக்குத் தானே செய்ய வேண்டும். படிப்பது பி.காம். வீடியோ பார்த்து, ஈயம் உருக்கிப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள். பெட்டிக்கு எங்கெங்கோ தேடி, கடைசியில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பழைய அலுமினியச் சோற்றுப்பெட்டியை எடுத்துத் துளை போட்டாள்.

அவள் கிறிஸ்தவ ஆலயத்துப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். எங்கள் ஆலயத்துக்குள் செருப்போடு போகும் வழக்கம் இல்லை. அதாவது, வெறுங்காலால் ஓர் உலோகப் பெட்டியை அமுக்க வேண்டும். ஒன்பது வோல்ட் பேட்டரிதான் என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். எனக்குப் புரிந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. உள்ளே கரண்ட் ஓடுகிறதா இல்லையா என்று வெளியே தெரிந்தாக வேண்டும், ஒரு சிவப்பு விளக்கு வைக்காமல் இந்தப் பெட்டி படி தாண்டாது என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே வைத்தாள்.

பெட்டி அருமையாக வேலை செய்தது. ஒரே ஒரு குறை. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று வெடித்தது, நான் கிணற்றடியில் கேட்ட அதே சத்தம் போல. அவள் அறையில் பயிற்சி செய்வாள்; நான் முன்னறையில் விடைத்தாள் திருத்தியபடி அடுத்த வெடிக்குத் தோளை இறுக்கிக்கொண்டு இருப்பேன். வெடி போட்டுக் கும்பிட மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குப் போக வேண்டாம், நம்ம வீட்டிலேயே தினமும் வெடிவழிபாடு நடக்கிறது என்று மனைவி அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஒத்திகை நடந்தது. கடைசிச் சரணத்தில் கிட்டார் மட்டும் ஓங்கி ஒலிக்க வேண்டும். அந்தச் சரணம் என் மகளுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. சரியான இடத்தில் அமுக்கினாள். ஆலயத்துப் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டும் சேர்ந்து வெடித்தன. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறியது. மணியடித்து ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி, ஃபியூஸ் போய்விட்டது என்று மெயின் சுவிட்சைப் பார்க்க ஓடினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பாடகர் குழுவை நடத்தும் அம்மா ஆர்கனை விட்டு எழுந்து மகளிடம் வந்தார். அதட்டவில்லை.

“மக்களே, உனக்க கிட்டாரு நல்லாத்தான் இருக்கு. ஆனா பண்டிகை அன்னைக்கி இந்த வெடி கேக்கப்பிடாது. சனிக்கிழமைக்குள்ள சரியாக்கலன்னா பெட்டிய வீட்டிலயே வச்சிரு, கடைசிச் சரணத்த நான் ஆர்கன்ல வாசிச்சிடுதேன். கேட்டியா?”

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவள் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். இதோடு அந்தப் பெட்டியை விட்டுவிட்டால் நல்லது என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

முதலில் சுவிட்ச் மேல்தான் சந்தேகப்பட்டாள். புதியது வாங்கி மாற்றினாள். புதியதும் வெடித்தது. கம்பிகளை விலக்கி விலக்கி வைத்தாள், பற்றவைத்த இடங்களை மறுபடி உருக்கினாள். ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு சாயங்காலம் சாயா குடிக்க வந்தவளிடம், வெடி எல்லாம் ஒரே அளவாக இல்லையே என்றேன். முதல் அமுக்கு பயங்கரமாக இருக்கிறது. விடாமல் தொடர்ந்து அமுக்கினால் வரவர இளைக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு வந்தால் பழையபடி பயங்கரம். ஒவ்வொன்றுக்கும் தோளை இறுக்கியவன் என்பதால் எனக்கு அது மனப்பாடமாகவே இருந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“இத ஏன்ப்பா முந்தியே சொல்லல?”

முற்றத்தில் கட்டியிருந்த தார்ப்பாயைக் காட்டித்தான் எனக்கு விளக்கினாள். மழைத்தண்ணீர் அதன் குழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். கம்பால் ஒரு குத்து குத்தினால் மொத்தமாகத் தலையில் கொட்டும். உடனே மறுபடி குத்தினால் கொட்டுவதற்கு ஒன்றும் இராது. அதுபோல, பெடல் அணைந்து கிடக்கும்போது கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் ஓரிடத்தில் சேர்கிறது. அமுக்கியதும் ஒரே கொட்டு. அதற்கு வழி, தார்ப்பாயில் சின்னதாக ஓர் ஓட்டை. உள்ளே வரும் இடத்திலும் வெளியே போகும் இடத்திலும் எர்த்துக்கு ஒவ்வொரு ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்தாள். சேரச் சேர அதுவாகவே வடிந்துவிடும்.

பெரிய வெடி போயே போய்விட்டது. மனைவி அடுப்படியில் நின்று கை தட்டினாள். ஆனால் ஒரு சின்ன ‘டிக்’ மிச்சம் இருந்தது. இது இளைக்கவில்லை, எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரே அளவு. வீட்டு ஸ்பீக்கரிலேயே கேட்கும் சத்தம் ஆலயத்தில் எப்படிக் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள். ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு அமுக்கினாள். கிட்டாரின் குரல் மாறியது. வேறு சத்தமே இல்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, கோவப்படக் கூடாது.”

“என்னது?”

“சத்தம் போடுதது உங்க லைட்டு.”

“வெடி வச்ச ஆளு இங்கதான் இருக்கா?” என்றாள் மனைவி.

விளக்கு சட்டென்று எரியும்போது மின்சாரத்தை ஒரே இழுப்பில் இழுக்கிறதாம். அந்த இழுப்புத்தான் ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று கேட்கிறது. பைய எரிகிற மாதிரி செய்யலாம், அதற்கு வேறு சாமான் வேண்டும், நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். இனி நேரமில்லை. விளக்கை எடுத்துவிடட்டுமா என்று அவள் கேட்கவில்லை. கையில் இருந்த குறடைத் திறந்து திறந்து மூடினாள்.

“லைட்டு இல்லன்னா கரண்ட் இருக்கா இல்லியான்னு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

“காலால சவுட்டிப் பாருங்க.”

டெஸ்டரை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்தேன். சுவரில் இருந்த பிளக்கிலும் வைத்துப் பார்த்தேன். பிறகு செருப்பைக் கழற்றினேன். என் வெறுங்கால் கொஞ்ச நேரம் சோற்றுப்பெட்டிக்கு மேலே அப்படியே நின்றது. மகள் சிரிக்காமல் கிட்டாரில் ஒரு கம்பியை மீட்டினாள். சவுட்டினேன்.

அந்த ஒற்றைச் சுரம் என் பாதத்துக்குக் கீழிருந்து எழும்புவது போல அறை முழுக்கத் தடித்து நிறைந்தது. மறுபடி சவுட்டினேன், மெலிந்தது. மறுபடியும். நான் நிறுத்தவில்லை. இப்படிச் சவுட்டினால் புது சுவிட்சும் தேய்ந்துவிடும் என்று மனைவி வந்து என் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் காலை எடுத்தேன். குறடை வாங்கி விளக்கின் மிச்சக் கம்பியை நானே வெட்டினேன். விளக்கு இருந்த ஓட்டையின் மேல், ஆப்பிளில் ஒட்டிவரும் ஸ்டிக்கர் ஒன்றை மகள் ஒட்டினாள்.

பண்டிகையன்று பீடத்தின் முன்னால் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் தேங்காயுமாகக் குவிந்து கிடந்தன. கால் கட்டிய சேவல் ஒன்று பிரசங்கம் முழுக்கக் கூவியது. கடைசிச் சரணம் நெருங்கியபோது பழக்கதோஷத்தில் தோளை இறுக்கிக்கொண்டேன். எதுவும் வெடிக்கவில்லை. இன்னும் அமுக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணும்போதே கிட்டார் ஆலயம் நிறைய ஒலித்துக்கொண்டிருப்பது உறைத்தது. அவள் எப்போது சவுட்டினாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆர்கனில் இருந்த அம்மா தலையைத் திருப்பாமலே இரண்டு தடவை ஆட்டினார். நானும் பாடினேன், ராகம் தப்பி, உரக்க.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவது வழக்கம். ஏலம் விடுபவர் சேவலை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மைக்கை ஆன் செய்தார்.

‘டப்!’

குழந்தைகள் அலறின. சேவல் சிறகடித்தது. சபை மொத்தமும் திரும்பிப் பாடகர் குழுவின் பெஞ்சைப் பார்த்தது. என் மகள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

“அது நான் இல்ல.”

முதலில் சிரித்தது ஆர்கன் அம்மாவா நானா என்று வீட்டில் இன்னும் தர்க்கம் ஓடுகிறது. நான்தான். சேவலையும் நான்தான் ஏலத்தில் எடுத்தேன்.