வைஸ் உயரமும் என் உயரமும்

1. மீன் குழம்பும் ஸ்பூனும்

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஸ்பூனால் சோறு சாப்பிட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்புச் சோற்றை நான் ஸ்பூனால் அள்ளியதைப் பார்த்து அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“இன்னா இது புதுசா கீது?”

“கம்பெனி கேன்டீன்ல இப்படித்தான்பா சாப்புடறாங்க.”

“மீனக் கூடவா?”

ஸ்பூனைத் தட்டில் வைத்தேன்.

“கையக் காட்டு.”

காட்டினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், பாதி உடைந்திருந்தது. குழம்பு பட்டால் உயிர் போகும். “என் கை மாதிரி உன் கை ஆவக்கூடாதுன்னுதானே படிக்க வெச்சேன்” என்றார் அப்பா. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை அவருடையது.

இங்கே கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் எனக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று, காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இன்னொன்று, ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டூல் ரூம் அப்ரென்டிஸ், அதாவது அச்சும் கருவிகளும் செய்யப் பழகும் வேலை. பெண் டிகிரி வாங்கப் போகிறாள் என்று எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் அப்பா. எனக்கோ புத்தகத்தை உருப்போடுவதைவிட ஒரு பொருளைக் கையால் செய்துபார்ப்பதில்தான் ஆசை. அழுது அடம்பிடித்ததில் அவர் ஒரு வழிக்கு வந்தார். “ஒரு வாரம் போய்ப் பாரு. ஒத்து வரலன்னா திங்கக்கெழமை காலேஜு. அப்புறம் பேசக்கூடாது.”

அந்தத் திங்கட்கிழமை மறுநாள்தான்.

“எப்டிதான் அங்க வேல செய்யிற? நின்னு காட்டு” என்றார். அம்மாவின் பூரிக்கட்டையை ஃபைல் என்கிற அரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, இரும்பைத் தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினேன். தோள் இரண்டும் காதுக்கு ஏறின.

“இன்னாத்துக்கு இம்மாம் ஒசரத்துல புடிக்கிற?”

“வைஸ் அவ்ளோ ஒசரத்துல கீதுப்பா. இரும்பைக் கடிச்சுப் புடிச்சுக்கும், அதுதான் வைஸ். பசங்களுக்கு சரியா கீது. எனக்கு நெஞ்சு வரைக்கும் வருது.”

“கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா, இதுக்குத்தான் பொண்ணுங்கள எடுக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க.”

உண்மையில் பக்கத்து வைஸில் இருந்த பையன் முதல் நாளே அதைச் சொல்லிவிட்டான். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு வாரம் முழுக்கத் தேய்த்தேன். உயரம் சரியில்லாவிட்டால் ஃபைல் ஆடும்; இரும்பின் முகம் சமமாக வராது. மூலைமட்டமான ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். என் இரும்பில் ஜன்னல் மாதிரி தெரிந்தது.

அப்பா கை கழுவிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். சாயங்காலம் வரை சுத்தியல் சத்தம். ஆட்டுக் கொட்டகையைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன். அம்மா, கல்லூரிக்கு எடுத்து வைத்திருந்த புதுச் சுடிதாரைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். என் ஆசை அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

2. திங்கட்கிழமை

சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்காமல் கம்பெனி யூனிஃபார்மை மடித்துப் பைக்குள் வைத்தேன். அப்பா மொபெட்டை எடுத்தார். கால் வைக்கும் இடத்தில், சாக்கில் சுற்றிய ஏதோ ஒரு சாமான். ஸ்ரீபெரும்புதூரில் யாருக்காவது கொடுப்பதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர்ச் சாலை பெரிய ரோட்டில் சேரும் இடத்தில், காஞ்சிபுரம் பஸ் பிடிக்க ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்ப வேண்டும். அப்பா ஒரகடம் பக்கம் திருப்பினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இன்னாத்துக்கு அழுவுற? காலேஜுக்குப் போவணுமா?”

“வேணாம்பா.”

“அப்ப கம்முனு குந்து.”

கம்பெனி கேட்டில் சாக்கைப் பிரித்தார். அகலமான பலகை, அடியில் நாலு கட்டை. ஏறி நின்றால் ஆடாது. செக்யூரிட்டிக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“பெரியவரே, வெளிப்பொருள் உள்ள போவணும்னா ரிஜிஸ்டர்ல மெட்டீரியல் இன்வர்ட்னு எழுதணும். இன்னா பொருள் இது?”

“எம் பொண்ணு நிக்கிற பலகை.”

“அப்படி ஒரு ஐட்டமே கெடையாதே.”

“இப்ப கீதுல்ல. எழுது.”

இந்தச் சத்தத்தில் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சண்முகையா சார் வந்துவிட்டார். தூத்துக்குடிக்காரர். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வைஸ் முழங்கை உயரத்துல இருக்கணும்னு வகுப்புல சொன்னேம்லா பிள்ள? வாயத் தொறந்து கேட்டா என்ன?” என்றவர், அப்பா பக்கம் திரும்பினார். “நானும் கவனிச்சிருக்கணும்யா. தப்புதான்.”

அப்பா மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பைக்குள் இருந்த யூனிஃபார்மை மாட்டிக்கொண்டேன்.

3. பலகை

அன்று நான் ஏறி நின்றதும் பக்கத்து வைஸ் பையன், “மேடம் மேடை ஏறிட்டாங்கடா” என்று கிண்டலடித்தான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். முழங்கை அளவுக்கு வைஸ் வந்ததும் ஃபைல் தன்னால் நேராக ஓடியது. சில நாளில் ட்ரை ஸ்கொயர் இடுக்கில் வெளிச்சம் தெரிவது நின்றது. அதே பையன் ஒரு நாள் மெதுவாக வந்து, “நீ டீ குடிக்கப் போறப்ப நான் அதுமேல நின்னுக்கவா?” என்றான். அவனும் என்னைவிடப் பெரிய உயரமொன்றும் இல்லை.

இன்று அதே டூல் ரூமில் பயிற்சி என் பொறுப்பு. காலேஜா, அப்ரென்டிஸா என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதில் ஆசையோ அதில் சேருங்கள். எட்டவில்லை என்றால் முதல் நாளே பலகை கேளுங்கள். கேட்பதால் யாரும் குள்ளமாகிவிட மாட்டார்கள். இது எனக்குத் தெரியாமல் இருந்தபோது, நான் கேட்காமலே பலகை செய்து கொண்டுவந்தார் என் அப்பா. அந்த நன்றி எனக்கு என்றும் தீராது.

பயிற்சி முடிந்து பெர்மனன்ட் ஆனபோது, ஞாபகமாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பலகையை வெளியே எடுக்க கேட் பாஸ் கேட்கப் போவதாக அப்பாவிடம் சொன்னேன்.

“அத்த ஏன் தூக்கினு வர்ற? அங்கயே கெடக்கட்டும்” என்றார். “உனக்கப்புறம் இன்னொரு குள்ளச்சி வராமலா போயிடுவா?”

அடுத்த பேட்சிலேயே வந்தாள்.