படத்தில் வராத ட்ரம்பெட்

என் தொழிலில் நான் செய்த பெரிய தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலியைக் காதால் கேட்காமல் கண்ணால் பார்த்து வெட்டினேன். சென்னை ரெக்கார்டிங் தியேட்டரில் முப்பது வருஷம் இருந்து, ரிட்டயர் ஆகி, தூத்துக்குடியில் பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றும் சின்ன ஸ்டுடியோ வைத்த பிறகு செய்த தப்பு அது.

நம் கடற்கரை முத்துக்குளிப்பவர்களைப் பற்றிய பழைய படம் ஒன்றின் பின்னணி இசை டேப்புகள் என்னிடம் வந்தன. படத்தில் சேர்க்காத பிட்டுகளையும், அதாவது காட்சிக்கென்று வாசித்த இசைத் துண்டுகளையும், சேர்த்து ஆல்பம் போட மியூசிக் கம்பெனி நினைத்தது. அந்தக் காலத்தில் ஒரே காட்சிக்கு இரண்டு மூன்று விதமாக வாசித்துப் பதிவு செய்து, டைரக்டருக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஏழாவது ரீல், இரண்டாவது பிட். கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனுக்காக ஒருத்தி கரையில் நிற்கும் காட்சி. படத்தில் வீணை மட்டும்தான். டேப்பில் அதே மெட்டு ட்ரம்பெட்டில் இருந்தது.

உடனே சேவியர் அண்ணாச்சி நினைவு வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கோயில் பேண்டில் ட்ரம்பெட். சென்னைக்குப் போய் அந்தப் படத்துக்கு வாசித்தேன் என்று சொல்லி, மனைவி மோட்சம் அக்காவின் சொந்தபந்தம் மொத்தத்தையும் தியேட்டருக்குக் கூட்டிப்போனவர். ட்ரம்பெட் வரவே இல்லை. அன்று முதல் அவர் தெருவில் யாராவது கதை அளந்தால் 'சேவியர் ட்ரம்பெட்' என்பார்கள். அக்காவின் தம்பி அந்தோணி இன்றுவரை அந்தக் கேலியை விட்டபாடில்லை.

கம்பெனிக்கு போன் செய்தேன். எந்தப் பிட்டுக்கு என்ன வாத்தியம் என்று குறித்துவைக்கும் கியூ ஷீட்டில் 'ட்ரம்பெட் - 1' என்று மட்டும் இருப்பதால், அந்தத் தியேட்டரில் வழக்கமாக வாசித்தவர் பெயரைப் போடப்போகிறார்களாம். வேறு பெயர் என்றால் ஆதாரம் கேட்டார்கள்.

ஆதாரம் டேப்பிலேயே இருக்கக்கூடும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் பிட் நம்பரை மைக்கில் சொல்வோம். அதை ஸ்லேட் என்போம். மியூசிக் டைரக்டர் வாசிப்பவரிடம் பேசுவதும் கூடவே பதிவாகும். நானோ கம்ப்யூட்டர் திரையில் ஒலி அலையின் கோட்டை மட்டும் பார்த்து, இசை தொடங்கும் இடம் வரை மொத்தத்தையும் வெட்டி, அசல் ஃபைலின் மேலேயே சேவ் செய்திருந்தேன். நகலில்தான் வெட்ட வேண்டும் என்று ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

டேப்பை மறுபடி ஓட்டுவதைத் தவிர வழியில்லை. பழைய டேப் ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். இளஞ்சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தித்தான் ஓட்ட முடியும். முதல் தடவையே பழுப்புப் பொடி உதிர்ந்திருந்தது. பொடி போனால் ஒலியும் போனதுதான். மறுபடி உலர்த்திவிட்டு அண்ணாச்சியையும் அக்காவையும் வரச் சொன்னேன். அண்ணாச்சி மாட்டேன் என்றாராம். மோட்சம் அக்கா ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தார்.

"நெசமாவே ஊதினேனான்னு எனக்கே சந்தேகமாயிட்டு தம்பி," என்றார் அண்ணாச்சி.

கணினியில் ரெக்கார்டிங்கை ஆன் செய்துவிட்டு, டேப்பைச் சுழலவிட்டேன். இரைச்சல். பிட் நம்பர். பிறகு மியூசிக் டைரக்டரின் குரல்: "சேவியர், மைக்கை விட்டு இன்னும் ரெண்டடி தள்ளி நில்லுங்க. தூத்துக்குடி வரைக்கும் கேக்குது." ஓர் இளைஞனின் குரல் "சரி சார்" என்றது. ட்ரம்பெட் தொடங்கியது.

அந்த ஃபைலை ஒரு நொடிகூட வெட்டாமல் அனுப்பினேன். ஆல்பத்தில் அவர் பெயர் வந்தது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: திரையில் வெறும் கோடாகத் தெரிகிற இடத்தையும் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். அங்கே ஒரு மனிதர் இருக்கலாம்.

டேப் ஓடிய அன்று மோட்சம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அண்ணாச்சி மட்டும் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டுவிட்டு, "வீணதான் சரி தம்பி. அந்தப் பொம்பள நிக்கதுக்கு இது சத்தம் கூடுதல்," என்றார்.

"நீங்க பேசாம இரிங்க," என்றார் அக்கா. "தம்பி, இன்னொருக்க போடுங்க. அந்தோணிக்கு போன் போடுதேன்."