வெயின் கையை உயர்த்தியபோது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். என் கையெழுத்தை என் பிள்ளைகளே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். சின்ன ரகரம், பெரிய றகரம் எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். நேரில் ஒருவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவன், கடைசியில் தாளில் எழுதுகிறேன்.

நான் கனடாவின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மனைவியும் பிள்ளைகளும் ஊரில். அவர்கள் இங்கே வருவதற்கான பேப்பர் இன்னும் வரவில்லை. வந்த முதல் பனிக்காலத்தில் ஒருநாள் காலை பஸ்ஸுக்காக நின்றேன். ஒரு பிக்கப் வாகனம் வீதியை விட்டு இறங்கி நேராக ஏரிக்குள் போனது. என்னை அறியாமல் இரண்டடி முன்னால் போய்விட்டேன். பக்கத்தில் நின்ற பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வாகனம் மூழ்கவில்லை. ஏரி கல்லாக உறைந்து கிடந்தது. ஏரியின் நடுவே போய் நின்றது, ஒரு மனிதர் இறங்கி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். தண்ணீரின்மேல் மனிதர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

வெயின் எனக்கு அடுத்த மேசையில் கண்ணாடி பொருத்துகிறவர். என் வயதுதான் இருக்கும், ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு வருஷமாக நாங்கள் பேசியது காலை வணக்கமும், குளிர் கூடவா குறைவா என்பதும்தான். எனக்கு ஆங்கிலம் குறைவு. இருக்கிற ஆங்கிலத்தையும் வெட்கத்தால் வெளியே எடுப்பதில்லை. அவரும் அதிகம் பேசாதவர். ஆனால் சாப்பாட்டு அறையில் எனக்காக ஒரு கதிரையைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்திருப்பார். வேறு யாரும் அதில் உட்காரப் போனால், காலை அதன்மேல் தூக்கிப் போடுவார்.

போன வருஷம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டி அட்டை ஒன்றில் படம் வரைந்து காட்டினார். வட்டமாக ஒரு ஓட்டை, அதன்மேல் குறுக்கே ஒரு கட்டை, ஒரு குட்டிக் கொடி, கீழே ஒரு மீன். “டிப்-அப்” என்றார். “சட்டர்டே. யூ, மீ, மை டோட்டர்.” அவருடைய மகளைப் பற்றி எங்களோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் லீனாதான் எனக்குச் சொன்னாள். தாயும் தகப்பனும் பிரிந்த பிறகு மகள் மூன்று வருஷமாக அவரோடு பேசுவதில்லை. இப்போது ஒரேயொரு நாள் பார்க்க வருகிறாள். தனியாக அவளுக்கு முன்னால் நிற்க வெயினுக்குப் பயம், நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்று லீனா சொன்னாள். இது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஊரிலும் பிணக்குத் தீர்க்கப் போகிறவர் தனியே போவதில்லை, மூன்றாவது ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். அந்த மூன்றாவது ஆளாக என்னை நினைத்திருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை. அதைச் சொல்லாமல் வெறுமனே தலையாட்டினேன்.

மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“கடல உட்டுட்டு இப்ப ஐஸ்ல மீன் புடிக்கப் போறீங்களா?” என்றாள். “பாத்துப் போங்க, நீங்களும் உறைஞ்சி போனா ஆரு தட்டி எடுக்கிற?”

“மனிசன் ஆசையாக் கூப்பிடுறான்.”

“அப்ப போங்க. ரெண்டு வரிசமா ஒரு மனிசன்டயும் கதைக்காம இரிக்கீங்க. போய் வாயத் துறந்து கதைங்க.”

சனிக்கிழமை காலை பிக்கப்பில் போனோம். மகள் முன்னால், நான் பின்னால். அவளுக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். ஏரி வரும்வரை இருவரும் நேராக வீதியையே பார்த்தபடி இருந்தார்கள். நடுவில் பேச வந்தவன் பின்சீட்டில் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

பனியில் ஓட்டை துளைத்து, ஒவ்வொன்றின்மேலும் வெயின் ஒரு டிப்-அப்பை வைத்தார். குறுக்குக் கட்டைக்குக் கீழே, தண்ணீருக்குள், நூல் சுற்றிய உருளை இருக்கும். தூண்டிலில் செத்த மீன் ஒன்றைக் குத்தி இறக்கிவிட்டு, கொடியை வளைத்துக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். கீழே மீன் இரையைக் கவ்வி இழுத்தால் உருளை சுழலும், கொக்கி விடும், கொடி நிமிரும். ஐந்து இடத்தில் வைத்தார். அதில் ஒன்றைக் காட்டி, “திஸ் ஒன், ஹேர்ஸ்” என்றார். மகளுக்கு முதல் மீன் அதிலே வர வேண்டும் என்று, தனக்குத் தெரிந்த நல்ல இடத்தில் வைத்திருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது சும்மா தலையாட்டினேன்.

வெயின் தூரத்தில் ஆறாவது ஓட்டையை இயந்திரத்தால் துளைத்துக்கொண்டிருந்தார். மகள் வாகனத்தருகே கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுடைய கொடி நிமிர்ந்தது. நான் மட்டும்தான் கண்டேன்.

எங்கள் கரையில் வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் அடுத்துச் செய்தது விளங்கும். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு பக்கக் கயிறும் கரையில் இருக்கும். வலையின் மடி கிட்ட வரும்போது ஓர் ஆள் தண்ணீருக்குள் நீந்தி நின்று பார்ப்பார். மீன் மடிக்குள் இறங்கிவிட்டால் கையை உயர்த்துவார். கை உயர்ந்தால் அந்த நேரம் ஒருவரும் யோசிப்பதில்லை. “கை உசந்திட்டு, இழுங்கடா” என்று ஒரு சத்தம் வரும். கரையில் நிற்கிறவர், சும்மா வந்தவர், கல்முனைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர், எல்லாரும் ஓடிப்போய்க் கயிற்றில் கை வைப்பார்கள். அது யாருடைய வலை என்று கேட்பதில்லை. கண்டவன் ஓட வேண்டும். ஒருமுறை வெள்ளைச் சட்டை போட்ட மாப்பிள்ளை ஒருவரும் ஓடிவந்து இழுத்தார். “மாப்பிள, சட்டைய என்ன செய்யிற?” என்று கேட்டதற்கு, “மாமி கழுவித் தருவா, நீ இழு” என்றார். கை வைத்த எல்லாருக்கும் பிறகு ஒரு பங்கு மீன் உண்டு. நான் பதினாறு வயதிலிருந்து கட்டாருக்கு வேலைக்குப் போகும்வரை அந்தக் கயிற்றில்தான் சாப்பிட்டவன்.

அதனால் ஓடினேன். பனிச் சப்பாத்தோடு, பொத்துப் பொத்தென்று. பாதி வழியில் வெயினைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இயந்திரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, ஒரு கையைத் தலைக்குமேல் நன்றாக உயர்த்தினார்.

நில் என்றுதான் உயர்த்தியிருக்கிறார். நான் இழு என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டையைத் தூக்கி அப்பால் வைத்தேன். நூலைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கரைவலைக் கயிறு இழுக்கிற மாதிரி பின்பக்கமாக நடந்தேன். ஒரு பாரம் இருந்தது. உயிருள்ள பாரம். அதைக் கையில் உணர்ந்து எத்தனையோ வருஷம். இன்னும் பலமாக இழுத்தேன். பாரம் விட்டது. நான் மல்லாக்க விழுந்தேன், தொப்பி ஒரு பக்கம் போனது. தூண்டில் முள் என் காலடியில் வந்து விழுந்தது. அதில் பாதி இரை இருந்தது.

வெயின் வந்து என்னைத் தூக்கிவிட்டார். “யூ ஓகே?” என்று இரண்டுமுறை கேட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது. பிறகு வாகனத்துக்கு மறுபக்கம் போனாள். வெயின் அவளுக்குப் பின்னால் போனார். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்கள். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த பிள்ளைக்கென்று தகப்பன் ஒதுக்கி வைத்த மீனை நான் பறித்துவிட்டேன். கரைவலையைப் பற்றியும் கை உயர்த்துவதைப் பற்றியும் சொல்ல எனக்கு ஆங்கிலத்தில் நாலு சொல் போதும். அந்த நாலு சொல்லும் வரவில்லை.

பகலுக்குப் பிறகு இன்னொரு கொடி நிமிர்ந்தது. வெயின் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். “நோ, நோ” என்று வாளியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் எல்லாவற்றையும் பார்த்தேன். அவர்கள் ஓடவில்லை, சத்தமில்லாமல் நடந்து போனார்கள். மகள் முழங்காலில் உட்கார்ந்து முதலில் ஓட்டைக்குள் பார்த்தாள். உருளை சுழல்கிறதா என்று பார்ப்பதற்கு. சுழன்றால் மீன் இரையோடு ஓடுகிறது, விட வேண்டும். நின்றால், இரையை வாய்க்குள் திருப்பிப்போடுகிறது, பொறுக்க வேண்டும். மறுபடி சுழலத் தொடங்கும்போதுதான் கட்டையை மெதுவாகத் தூக்கினாள். இரண்டு விரலால் நூலை எடுத்து, தளர்வையெல்லாம் இழுத்து, பாரம் விரலுக்கு வந்த பிறகு ஒரே வீச்சாகச் சுண்டி, முள்ளை மீனின் வாயில் ஏற்றினாள். பிறகு கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். மீன் ஓடினால் நூலை விரலிடுக்கில் வழியவிட்டாள், நின்றால் மறுபடி இழுத்தாள். வந்தது பைக் என்கிற மீன். எங்கள் சீலா மீன்போல நீளம், பல்லும் அப்படித்தான்.

வெயின் அதை மூன்றாக வெட்டி மூன்று பையில் போட்டு, ஒன்றை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினார். மறுபடி வேண்டாம் என்றேன். அவர் கை கொஞ்சநேரம் அப்படியே இருந்தது.

அன்று மனைவி கேட்டாள். “மீன் என்ன?”

“புடிச்சத உட்டுட்டன்.”

“சாய்ந்தமருதுல பொறந்து மீன உட்ட ஆள் நீங்க ஒராள்தான். ஆர்டயும் செல்லிராதீங்க, கடக்கர வாடியில இரிக்கிற ஆக்களெல்லாம் சிரிப்பாங்க.”

பங்கு வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னேன். அவளுடைய சிரிப்பு நின்றது. “பங்க வேணாம் எண்டா செல்லிட்டு வந்த? அது பகைச்ச ஆக்கள் செய்யிற வேல எலுவா?”

எனக்கும் தெரியும். எங்கள் கரையில் பங்கை வாங்காமல் போகிறவர், இனி உன் வலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்தான். நான் கெடுத்த மீனுக்குப் பங்கு வாங்கக் கூசினேன், அவ்வளவுதான். ஆனால் நீட்டிய கைக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்த கிழமை வெயின் கேட்டார், “சட்டர்டே?” “பிஸி” என்றேன். அதற்கடுத்த கிழமையும் கேட்டார். அதே பதில். சனிக்கிழமைகளில் எனக்கு உடுப்புத் துவைப்பதும், ஆறின கறியைச் சூடாக்குவதும்தான் வேலை. மூன்றாவது கிழமை அவர் கேட்கவில்லை. சாப்பாட்டு அறையில் கதிரை இருந்தது, காலைத் தூக்கிப் போடுவதை விட்டுவிட்டார். நான் வேறு மேசைக்குப் போனேன்.

பனி உருகிய பிறகு வெயின் வேலையை விட்டார். மேற்கே, மலைப்பக்கம், மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோகிறார். கடைசி நாள் கேக் வெட்டினார்கள். லீனா எனக்கொரு துண்டைக் கொண்டுவந்து தந்து, “எல்லாம் உன்னால்தான்” என்றாள். குற்றம் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் சைகையும் சொல்லுமாக விளக்கினாள். அன்று மகள் அழவில்லை. நான் நூலைத் தோளில் போட்டுப் பின்னால் நடந்ததைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல்தான் மறுபக்கம் போனாளாம். தகப்பனும் போய்ச் சேர்ந்து சிரித்தாராம். மூன்று வருஷத்தில் முதல்முறையாக இருவரும் ஒன்றைப் பற்றிப் பேசினார்களாம். என்னைப் பற்றி, ‘ஏன் இவர் நம்மோடு கோபம்’ என்று வெயின் பலமுறை லீனாவிடம் கேட்டிருக்கிறார். நாங்கள் சிரித்தது அவருக்கு மனவருத்தமோ என்று.

வெயின் அறையின் அந்தப் பக்கம் நின்றார். ஒவ்வொருவராகக் கைகொடுத்து வந்தார். என் முறை வருவதற்குள் ஒரு வசனத்தை மனதுக்குள் நாலுதரம் சொல்லிப் பார்த்தேன். “டேக் கேர், மை ஃப்ரெண்ட்” என்றார். “தேங்க்யூ” என்றேன். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இந்தப் பனிக்காலம் நானே ஒரு டிப்-அப் வாங்கினேன். விடுமுறை நாளில் பகலில் தனியே ஏரிக்கு நடந்து போகிறேன். கொடி நிமிர்ந்தால் ஓடுவதில்லை. முழங்காலில் உட்கார்ந்து உருளையைப் பார்க்கிறேன், நின்று மறுபடி சுழலும்வரை பொறுக்கிறேன், பாரம் விரலுக்கு வந்த பிறகு சுண்டி இழுக்கிறேன். இதுவரை ஒன்றும் தப்பவில்லை. போன கிழமை கிடைத்த மீன் முழங்கை நீளம். அதை வெட்டும்போது கத்தி தன்பாட்டில் மூன்றாகப் போட்டுவிட்டது. அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், துண்டுகள் பனியோடு ஒட்டிக்கொண்டன.

மறுநாள் லீனாவிடம் வெயினின் நம்பரைக் கேட்டேன். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதியும் வாங்கினேன். இன்று காலை அடித்தேன். அவர் எடுக்கவில்லை. செய்தி சொல்லுங்கள் என்று அவருடைய குரல் சொன்னது, பிறகு ஒரு மணிச் சத்தம். தாள் கையில்தான் இருந்தது. வாயில் தமிழில் வந்தது இதுதான்:

“வெயின், நான்தான். எங்கட ஊர்ல கடலுக்க நிக்கிற ஆள் கைய உசத்தினா இழுக்கணும். அதான் நான் இழுத்த. உங்கட மகள்ட மீன் எண்டு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டன். பங்க வேணாம் எண்டு சென்னது கோவத்துல இல்ல, வெக்கத்துல. கோவமே இல்ல, வெயின்.”

இன்னும் சொன்னேன். மணி மறுபடி அடித்து இணைப்பு அறும்வரை சொன்னேன். இவ்வளவு நாளில் ஒரு மனிதரிடம் நான் நிறுத்தாமல் பேசியது அதுதான். அந்தப் பேச்சு இப்போது நான் பார்க்காத ஒரு மலையூரில், ஒரு தொலைபேசிக்குள் இருக்கிறது. அதைக் கேட்கக்கூடியவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஒவ்வொரு சொல்லும் விளங்கக்கூடியவர்கள் சாய்ந்தமருதுக் கரையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வெயின் யாரென்று தெரியாது.

எழுதி முடித்தது: 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.