சாம்பல் ஒத்துக்கொள்ளாத செடி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் நான் நட்ட செடி பட்டுப்போயிற்று என்று எங்கள் தோட்டத்தில் ஒருவரும் சொன்னதில்லை, ஜப்பான்காரன் காலத்தில் அந்த ஒரு தடவையைத் தவிர.

நாங்கள் இருந்தது மலாயாவில் கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பால்வெட்டு நின்றுவிட்டது. அரிசி இல்லை. காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்குதான். மூன்று வயது நிறையாத என் மகள் கிழங்கைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வாள். விலா எலும்பை எண்ணலாம். அவள் ஆசையாகத் தின்றது கெமுந்திங் பழம் ஒன்றைத்தான். மேட்டு ஓரத்தில் தானாக வளரும் புதர் அது. பூ ரோசா நிறம். பழம் விரல்நுனி அளவு, கறுநீலம். பிசைந்து கிழங்கில் கலந்தால் ஒரு கிண்ணம் உள்ளே போகும்.

அந்த மேட்டையும் வெட்டிக் கிழங்கு போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வெட்டுக்கு முதல் நாளே நான் ஆறு செடிகளை வேர்மண்ணோடு பெயர்த்து வந்தேன். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஐந்துக்குத்தான் இடமிருந்தது. ஆறாவதை ரப்பர்ப் பால் கொட்டகைச் சாக்கடை ஓரத்தில் நட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் லயத்தில் அடுப்புச் சாம்பலை வீணாக்க மாட்டோம். பாத்திரம் விளக்கியது போக மிச்சம் கத்தரி, கீரை, வாழை எல்லாவற்றின் அடிக்கும் போகும். கெமுந்திங்குக்கும் தினம் ஒரு கை போட்டேன். பிள்ளைக்காகத்தானே என்று பக்கத்து வீட்டு அக்காவும் தன் வீட்டுச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு வருவார்.

இரண்டு மாதத்தில் ஐந்தும் வெளுத்தன. இலையில் நரம்பு மட்டும் பச்சை.

“இன்னும் போடுடி, பசிக்குதுபோல,” என்றார் அக்கா.

போட்டேன். ஒன்று காய்ந்தே போனது.

ஒருநாள் விறகு பொறுக்கப் போனபோது, மறந்தே போயிருந்த ஆறாவது செடியைப் பார்த்தேன். ஒரு சாண் உயர்ந்து, கரும்பச்சையாக, மொட்டோடு நின்றது. சுற்றிலும் புல்கூட இல்லை. என் வீட்டுக்காரர் முன்பு பால் கொட்டகையில் பால் உறைய ஆசிட் ஊற்றும் வேலை பார்த்தவர். நேரே அவரிடம் போனேன்.

“அந்த ஓரத்துல என்னத்த ஊத்துனீங்க?”

“உறைஞ்ச பால்ல வடியற தண்ணிதான். வருசக்கணக்கா அங்கதான் ஓடுச்சு. புளிச்ச மண்ணுலா அது, கீரைகூட மொளைக்காது.”

திரும்பிப் போய் அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். புளித்தது. வீட்டுப் பின்னால் இருந்த சாம்பல் மண்ணையும் வைத்துப் பார்த்தேன். சவர்க்காரம்போல் வழவழவென்று நாக்கை அரித்தது. பார்த்துக்கொண்டிருந்த அவர், “மண்ணத் திங்கிறியே, மசக்கையா?” என்றார். எனக்கு விளங்கிவிட்டது.

மிச்சமிருந்த நாலு செடிகளின் அடியில் சாம்பல் மண்ணைச் சுரண்டி எறிந்தேன். சாக்கடை ஓரத்து மண்ணைச் சாக்கில் சுமந்து வந்து நிரப்பினேன். மேலே மக்கிய ரப்பர் இலை. மறுநாள் காலையில் அக்கா முறத்தோடு வந்து நின்றார்.

“கோவிச்சுக்காதீங்கக்கா, இனிமே சாம்பல் வேணாம்.”

“ஏன்டி, என் வீட்டுச் சாம்பல் ஒனக்கு எளக்காரமாப் போச்சா?”

“ஒங்க சாம்பல் நல்ல சாம்பல்தான். இந்தச் செடிக்குப் புளிப்புத்தான் வேணும்.”

“அப்ப புளியக் கரைச்சு ஊத்து!”

“புளி இருந்தா நான் ரசம் வெச்சிருக்க மாட்டேனா?”

முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

நாலில் மூன்று துளிர்த்தன. சாக்கடை ஓரத்துச் செடிதான் முதலில் பழுத்தது. பழத்தைப் பிசைந்து கிழங்கில் கலந்து மகளிடம் நீட்டினேன். கிண்ணம் காலியானது. நாக்கும் பல்லும் நீலமாக என்னைப் பார்த்து, “கெழங்கு வேணாம், பழம் மட்டும் குடு,” என்று காலை உதைத்துக்கொண்டு கத்தினாள்.

அதட்டினேன். ஆனால் மனசுக்குள் குளிர்ந்துபோனேன். சண்டை போடத் தெம்பு வந்துவிட்டதே!