புரட்டாசிக்கு நிறுத்திவைத்த திலாப்பியா

1997 அக்டோபர் 4, சனிக்கிழமை, காலை 7.05. புகைமூட்டம், பதினோரு நாளாக வெயில் இல்லை. பாயா ரும்புட் ஊரில் என் வீட்டின் பின்புறக் குளத்தில் அத்தனை மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து ஓய்வுபெற்றபின் நான் வெட்டிய குளம் அது. இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், நாலடி ஆழம். அழகு மீனான கோய் 24. சாப்பாட்டுக்கு விற்கும் திலாப்பியா 310. மாதம் அறுபது திலாப்பியா மெர்லிமாவ் தோட்டத்து வீடுகளுக்குப் போகும். புரட்டாசியில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். தெரிந்தும் ஆவணியிலேயே பாதியைப் பசார் சந்தையில் விற்காமல் நிறுத்திவைத்தேன். விரதம் முடிந்த மறுநாள் விலை ஏறும் என்பது என் கணக்கு.

வெயில் இல்லாவிட்டால் பாசி படிந்த பச்சைத் தண்ணீரில் காற்று ஊறாது. இருந்தது ஒரே ஏர் பம்ப். காற்று குறைந்தால் திலாப்பியா தாங்கும், கோய் தாங்காது. அந்த 24 கோய்களில் பன்னிரண்டை, தெங்கேராவில் மளிகைக்கடை வைத்திருந்த முத்தையா புது வீட்டுக்காகக் கைகாட்டித் தேர்ந்தெடுத்திருந்தார். பத்து மணிக்கு எடுத்துப்போக வருவார்.

திலாப்பியாவைக் குறைக்க வலையை எடுத்தேன். மனைவி தனலெட்சுமி கதவருகே நின்று தடுத்தாள்.

"மூணாவது சனிக்கெழமைங்க. இன்னிக்கு நம்ம வீட்டுல மீனு சாகக் கூடாது."

"இங்க வந்து பாரு. தானாவே சாகப்போவுது."

"பக்கத்து வீட்டு மலாய்க்காரரு பாக் மாட் மகளுக்கு நாளைக்குக் கல்யாணம். உயிரோட தூக்கிக் குடுங்க. அங்க போயி என்ன ஆனா நமக்கென்ன?"

"சரி, வெல பேசிட்டு வரேன்."

"சனிக்கெழமை மீனு வித்த காசு வீட்டுக்குள்ள வரக் கூடாது. சும்மா குடுங்க."

அப்போது மணி 7.20. ஒரு மீன்கூடச் சாகவில்லை. இருநூறு மீனைச் சும்மா கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காற்று ஏறட்டும் என்று வாளியில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே யோசித்தேன். 7.41க்கு முதல் கோய் புரண்டது. 7.55க்கு ஆறு. வேலியருகே ஓடிப்போய் பாக் மாட்டைக் கூப்பிட்டேன். அவரும் மைத்துனரும் பீப்பாய்களில் 210 திலாப்பியாவைத் தூக்கிப்போக ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகுதான் மற்ற மீன்கள் கீழே இறங்கின. செத்த கோய் 14. செத்த திலாப்பியா ஒன்றும் இல்லை.

பதினாலில் ஒன்பது முத்தையா தேர்ந்தெடுத்தவை. வாழையிலையில் வரிசையாகக் கிடந்தவற்றைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "என்னா கிராணி, உங்க கணக்கே தப்பிப்போச்சா லா? நான் மீனு வாங்க வந்தேன். துக்கம் விசாரிக்க வரல."

மறுநாள் கல்யாண வீட்டிலிருந்து மிளகாய் அரைத்துச் சமைத்த மீன் சம்பால் ஒரு தட்டு வந்தது. புரட்டாசி, தொடவில்லை.

குளம் வைக்க நினைக்கும் இளையவர்கள் விலை ஏறும் நாளைப் பார்த்து மீனை நிறுத்திவைக்க வேண்டாம். தண்ணீர் எத்தனையைத் தாங்கும் என்று பார்க்கவும். கொடுத்துவிட வேண்டியதை 7.20க்கே கொடுத்துவிடவும்.

கோய் 14க்கு 1,680 வெள்ளி (ரிங்கிட்). திலாப்பியா 210க்கு 350. பிறகு வாங்கிய இரண்டாவது ஏர் பம்ப் 185. ஆக மொத்த நஷ்டம் 2,215 வெள்ளி.